கேட்டால் சொல்கிறோம்: நாள் தவறிய பெட்டி



இம்மாதம் வந்த கடிதங்களில் ஒன்றையே முழுவதும் எடுத்துக்கொள்ளப் போகிறேன். மற்றவர்கள் பொறுத்தருள வேண்டும். எழுதியவர் சுங்கை சிப்புட் பக்கத்தில் இருக்கும் ஒரு தகப்பனார். முன்பு பால்மரத் தோட்டமாக இருந்து, பின்னர் செம்பனைக்கு மாறி, இப்போது பாதிக்குமேல் தாமான் வீடுகளாகிவிட்ட இடம். மகள் ஐந்தாம் படிவம் படிக்கிறாள். ஓர் அலுவலகத்தில் கழித்துவிட்ட மேசைக் கம்ப்யூட்டரை மலிவு விலைக்கு வாங்கி வந்தாராம். அதில் இருந்த விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்ட் நிறுவனம் கொடுத்து வந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டதால், உறவுக்காரப் பையன் ஒருவன் அதை அழித்துவிட்டு உபுண்டு என்ற லினக்ஸைப் போட்டுக் கொடுத்திருக்கிறான். காசு கொடுத்து வாங்க வேண்டாத இயக்குதளம். பழைய பெட்டியிலும் ஓடும். நல்ல யோசனைதான்.

ஆனால் சில வாரங்களாக, காலையில் பெட்டியைத் திறந்தால் ஒரு செய்தி வந்து நிற்கிறது. புதுப்பிப்புகளைச் சேர்க்க முடியவில்லை என்கிறது. மூடினால் போகிறது; மறுநாள் மறுபடி வருகிறது. சில சமயம் பத்து நிமிஷம் கழித்துத் தானாகவே சரியாகி, புதுப்பிப்பும் நடந்துவிடுகிறது. கடைக்குத் தூக்கிக்கொண்டு போனார். கடைக்காரர் இரண்டு நாள் வைத்திருந்து, "ஒன்றும் கோளாறு இல்லை, அண்ணே" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். வீட்டுக்கு வந்த மறுநாள் காலை அதே செய்தி. இன்னொரு கடையில் கேட்டால் மதர்போர்டு போய்விட்டது, மாற்ற இருநூற்றைம்பது வெள்ளி ஆகும் என்றார்களாம். பெட்டி வாங்கிய விலையே அவ்வளவு இல்லை.

"ஐயா, இது வைரஸா? பெட்டி செத்துவிட்டதா? பழைய இரும்புக்காரனுக்குக் கொடுத்து விடலாமா?" என்று கேட்கிறார்.

கொடுத்துவிடாதீர்கள்! உங்கள் கடிதத்திலேயே விடை இருக்கிறது. எப்படியென்றால், நீங்கள் ஒரு புத்திசாலித்தனமான காரியம் செய்திருக்கிறீர்கள். "என்னமோ எரர் வருகிறது" என்று எழுதாமல், மகளைக் கொண்டு அந்தச் செய்தியை எழுத்துக்கு எழுத்து பார்த்து எழுத வைத்திருக்கிறீர்கள். "ரிலீஸ் ஃபைல் இஸ் நாட் வேலிட் யெட்" என்று தொடங்குகிறது. அடுத்து அடைப்புக்குறிக்குள், "இன்வேலிட் ஃபார் அனதர்" என்று சொல்லி ஒரு நாள், ஒன்பது மணி, இத்தனை நிமிஷம், இத்தனை விநாடி என்று ஒரு கணக்கு. இந்தக் களஞ்சியத்தின் புதுப்பிப்புகள் சேர்க்கப்படமாட்டா என்று முடிகிறது.

இதைத் தமிழில் சொன்னால் என்ன? "இந்தப் பட்டியல் இன்னும் செல்லுபடியாகும் காலத்துக்கு வரவில்லை; வருவதற்கு இன்னும் ஒரு நாளும் ஒன்பது மணி நேரமும் இருக்கிறது" என்று பொருள். அதாவது, நாளைக்குப் பிறக்க வேண்டிய பிள்ளை இன்றே வந்து வாசலில் நிற்கிறது என்று கம்ப்யூட்டர் புகார் சொல்கிறது. பிள்ளை முந்திப் பிறந்ததா, அல்லது கம்ப்யூட்டர் பார்க்கும் காலண்டர் பின்தங்கிவிட்டதா? யோசித்துப் பாருங்கள்.

தோட்டத்தில் வேலை செய்த பெரியவர்களுக்கு இது சுலபமாக விளங்கும். கிராணியார் மேசைக்குப் பின்னால் தினக்காலண்டர் தொங்குகிறது. இரண்டு நாளாக யாரும் தாள் கிழிக்கவில்லை. நீங்கள் இன்றைய தேதி போட்ட பால் எடைச் சீட்டைக் கொண்டுபோய் நீட்டுகிறீர்கள். கிராணியார் காலண்டரைப் பார்க்கிறார், சீட்டைப் பார்க்கிறார். "என்னப்பா இது, நாளன்றைக்கு நிறுத்த பாலுக்கு இன்றே சீட்டா? செக்ரோலில் ஏற்ற முடியாது, போ" என்கிறார். சீட்டில் தப்பில்லை, உங்களிடமும் தப்பில்லை, கிராணியாரும் தம் வேலையைத்தான் செய்கிறார். கிழிக்காமல் விட்ட தாள்தான் தப்பு. உங்கள் பெட்டியில் நடப்பது அட்சரம் பிசகாமல் இதுதான்.

லினக்ஸ் புதுப்பிப்பு நடக்கும் விதத்தையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். உபுண்டுவோ லினக்ஸ் மின்டோ டெபியனோ, எல்லாவற்றுக்கும் இணையத்தில் களஞ்சியங்கள் இருக்கின்றன. அங்கே இருக்கும் சாமான்களுக்கெல்லாம் ஒரு பட்டியல் உண்டு. அதன் பெயர்தான் ரிலீஸ் ஃபைல். அந்தப் பட்டியலில் தயாரித்த தேதியும் நேரமும் இருக்கும். களஞ்சியக்காரர்களின் மின்முத்திரையும் இருக்கும். உங்கள் பெட்டி முதலில் பட்டியலை வாங்கி, முத்திரை சரியா, தேதி சரியா என்று பார்த்துவிட்டுத்தான் சாமானைத் தொடும். டெபியனைப் போன்ற சில களஞ்சியங்களின் பட்டியலில் காலாவதித் தேதியும் போட்டிருப்பார்கள்.

தேதியை ஏன் இவ்வளவு கறாராகப் பார்க்க வேண்டும் என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது. ஒரு போக்கிரி, பழைய பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு, "இதுதான் புதிது, வேறு ஒன்றும் வரவில்லை" என்று உங்கள் பெட்டிக்கு மாதக்கணக்காகக் காட்டிக்கொண்டே இருக்கலாம். முத்திரை அசல் முத்திரைதான், ஆகவே பெட்டி நம்பிவிடும். அதற்குள் வெளியுலகம் கண்டுபிடித்து அடைத்த ஓட்டைகள் உங்கள் பெட்டியில் மட்டும் திறந்தே கிடக்கும். பழைய பட்டியலைப் பழையது என்று கண்டுபிடிக்க, பெட்டியின் சொந்தக் கடிகாரம் சரியாக இருக்க வேண்டும். பட்டியல் எதிர்காலத்திலிருந்து வந்ததுபோல் தோன்றினால், "என் கடிகாரத்தையே நம்ப முடியவில்லை, ஆகவே எதையும் தொடமாட்டேன்" என்று நின்றுவிடுகிறது. இது கோளாறல்ல, காவல்.

இன்னொரு விபரமும் உங்கள் கடிதத்தில் இருக்கிறது. நாலைந்து வரி ஓடுகிறது, அதில் சில வரி சரியாகப் போகிறது, "செக்யூரிட்டி", "அப்டேட்ஸ்" என்ற சொல் இருக்கும் வரிகளில் மட்டும் பிழை வருகிறது என்கிறீர்கள். இணையக் கோளாறாக இருந்தால் எல்லா வரியும் அல்லவா விழ வேண்டும் என்பது நியாயமான கேள்வி. உபுண்டுவின் முதன்மைப் பட்டியல் அந்தப் பதிப்பு வெளிவந்த நாளில் எழுதியது. அதன் தேதி எப்போதோ கடந்துபோனது. ஒரு நாள் பின்தங்கிய கடிகாரத்துக்கும் அது பழைய தேதிதான். பாதுகாப்புப் பட்டியலும் புதுப்பிப்புப் பட்டியலும் அடிக்கடி திருத்தி எழுதப்படுபவை. இன்று காலையில்கூட எழுதியிருக்கலாம். பின்தங்கிய கடிகாரத்துக்கு அவை மட்டும்தான் எதிர்காலமாகத் தோன்றும்.

சரி, கடிகாரம் ஏன் பின்தங்குகிறது? இங்கேதான் கடைக்காரர் ஏமாந்தார்.

மேசைக் கம்ப்யூட்டரின் மதர்போர்டில் ஒரு சிறிய கடிகாரம் இருக்கிறது. கைக்கடிகாரத்தில் இருப்பதுபோல ஒரு படிகத் துண்டு விநாடிக்கு 32,768 தடவை அதிர்ந்து காலத்தை எண்ணுகிறது. பெட்டி நின்றிருக்கும்போதும் அது ஓடியாக வேண்டும். சுவர் சுவிட்ச் போட்டிருந்தால், பெட்டி நின்றிருந்தாலும் அதற்குக் கொஞ்சம் மின்சாரம் போய்க்கொண்டிருக்கும். சுவர் சுவிட்சையும் அணைத்துவிட்டால் அதைக் காப்பாற்றுவது ஒரு பொத்தான் பேட்டரிதான். ஐம்பது சென் காசைவிடக் கொஞ்சம் சிறியது, வெள்ளி நிறம். மேலே சி.ஆர். 2032 என்று எழுதியிருக்கும். 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் தடிப்பு. அந்த எண்ணின் அர்த்தமே அதுதான். மின்னழுத்தம் 3 வோல்ட்.

நம் பேராக்கில் பிற்பகல் ஆனால் இடி மின்னல். தைப்பிங் பக்கம் சொல்லவே வேண்டாம். ஆகவே நம் வீடுகளில் வேலை முடிந்ததும் சுவர் சுவிட்சை அணைத்து, செருகியையும் பிடுங்கிவிடுவது வழக்கம். வழக்கம் நல்லது, அதை விட்டுவிடாதீர்கள். ஆனால் பிடுங்கி வைத்த நேரமெல்லாம் அந்தப் பொத்தான் பேட்டரிதான் கடிகாரத்துக்குச் சோறு போடுகிறது. அலுவலகத்தில் பல வருஷம் உழைத்துவிட்டு வந்த பெட்டியில் அந்தப் பேட்டரி ஏறக்குறைய காலியாகத்தான் வந்திருக்கும். உங்கள் வீட்டில் இரவெல்லாம் செருகி பிடுங்கி வைத்ததும் உயிர் போய்விட்டது. கடையில் என்ன நடந்தது? அங்கே இரண்டு நாளும் செருகியிலேயே இருந்தது; இணையமும் எப்போதும் இருந்தது. கடிகாரம் தப்பவே இல்லை. கோளாறு இல்லை என்று அவர் சொன்னது பொய்யல்ல. அவர் கடையில் கோளாறு இல்லை!

"கடிகாரம் நின்றுவிட்டால் பழைய வருஷம் அல்லவா காட்டும், நாங்கள் கவனித்திருப்போமே?" என்று நீங்கள் கேட்கலாம். விண்டோஸாக இருந்தால் பத்துப் பதினைந்து வருஷம் பின்னால் போய் நின்று உங்களைத் திடுக்கிட வைத்திருக்கும். லினக்ஸ் கொஞ்சம் கெட்டிக்காரத்தனம் செய்கிறது. உபுண்டு போன்றவை கடைசியாகத் தெரிந்த சரியான நேரத்தை ஒரு மூலையில் குறித்து வைத்துக்கொள்கின்றன. மறுமுறை பெட்டி திறக்கும்போது மதர்போர்டின் கடிகாரம் அதற்கும் பின்னால் போயிருந்தால், குறித்து வைத்த நேரத்திலிருந்து எண்ணத் தொடங்குகின்றன. அதனால்தான் உங்கள் பெட்டி பழைய வருஷத்தைக் காட்டாமல், முந்தாநாள் இரவு நீங்கள் அணைத்த நேரத்தைக் காட்டியிருக்கிறது. வருஷம் சரி, மாதம் சரி, ஒரு நாளும் சில மணியும்தான் வித்தியாசம். மூலையில் இருக்கும் அந்தச் சின்னக் கடிகாரத்தை யார் உற்றுப் பார்க்கிறார்கள்? அடைப்புக்குறிக்குள் இருந்த அந்த ஒரு நாள் ஒன்பது மணிக் கணக்கு சும்மா வந்ததல்ல. உங்கள் கடிகாரம் குறைந்தது அவ்வளவு நேரமாவது பின்தங்கியிருக்கிறது என்று பெட்டியே கணக்குப் பண்ணிச் சொன்னது.

பத்து நிமிஷத்தில் தானாகச் சரியாவதற்கும் காரணம் இதுவே. இணையம் கிடைத்ததும் லினக்ஸ் இணையத்திலுள்ள நேர நிலையத்தைக் கேட்டுத் தன் கடிகாரத்தைத் திருத்திக்கொள்ளும். உங்கள் வீட்டில் இணையம் உங்கள் கைத்தொலைபேசியின் ஹாட்ஸ்பாட்டிலிருந்து வருகிறது. நீங்கள் அதைத் திறந்தவுடனே புதுப்பிப்பும் ஓடுகிறது, நேரம் திருத்தும் வேலையும் ஓடுகிறது. எது முந்துகிறதோ அதைப் பொறுத்து அன்றைய பலன்.

தெலுக் இந்தானில் 1885-இல் கடிகாரமும் தண்ணீர்த் தொட்டியுமாகக் கட்டிய கோபுரம் மண் இளகிச் சாய்ந்து நிற்கிறது. கோபுரம் சாய்ந்தால் ஊர் பார்க்க வருகிறது. கடிகாரம் சாய்ந்தால் யார் கண்ணிலும் படுவதில்லை.

இனி, கோளாறு அதுதானா என்று நிச்சயப்படுத்திக்கொள்ளும் வழி. ஓர் இரவு வழக்கம்போல் செருகியைப் பிடுங்கி வையுங்கள். காலையில் ஹாட்ஸ்பாட்டைத் திறக்காமல் பெட்டியை மட்டும் திறந்து, கைக்கடிகாரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இதைவிட உறுதியான சோதனை ஒன்று உண்டு. பெட்டி உயிர் பெறும் முதல் விநாடிகளில் எஃப்2 அல்லது டெலீட் விசையைத் தட்டிக்கொண்டே இருந்தால் பயாஸ் என்னும் அமைப்புத் திரை வரும். அங்கே தெரிவது லினக்ஸ் ஒட்டுப்போடாத, மதர்போர்டின் சொந்த நேரம். அது பல வருஷம் முந்திய தேதியைக் காட்டினால் சந்தேகமே வேண்டாம், பேட்டரிதான்.

இங்கே ஓர் எச்சரிக்கை. லினக்ஸ் மட்டும் இருக்கும் பெட்டியில், பயாஸ் திரையில் தெரியும் மணி நம் ஊர் மணியைவிட எட்டு மணி நேரம் குறைவாக இருந்தால், அது தவறு அல்ல! லினக்ஸ் உள்ளுக்குள் உலகப் பொது நேரத்தை வைத்துக்கொண்டு, வெளியே காட்டும்போது எட்டு மணியைக் கூட்டிக் காட்டும். அதைப் பார்த்துப் பதறி, "அட, மணி தப்பு" என்று அங்கே போய் ஊர் மணிக்குத் திருப்பி வைத்துவிட்டால் பிறகு லினக்ஸ் எட்டு மணி முந்தி ஓடும்.

எட்டு மணி என்றவுடன் பெரியவர்களுக்கு ஒரு ஞாபகம் வரும். 1981 டிசம்பர் 31-ஆம் தேதி இரவு பதினொன்றரை மணிக்கு, தீபகற்ப மலேசியா முழுவதும் கடிகாரத்தை அரை மணி முன்னால் தள்ளி நள்ளிரவு பன்னிரண்டு என்று வைத்தோம். அதுவரை நாம் உலகப் பொது நேரத்துக்கு ஏழரை மணி முன்னால் இருந்தோம். சபா, சரவாக் எட்டு மணி முன்னால் இருந்தன. 1982 பிறந்தபோது நாடு முழுவதும் ஒரே நேரமாயிற்று, சிங்கப்பூரும் கூடவே மாறியது. அன்று முதல் கடிகாரக் கணக்கில் நமக்குப் பொழுது அரை மணி தாமதித்துத்தான் விடிகிறது. லினக்ஸுக்குள் இருக்கும் நேர வலயப் பட்டியலில் இந்த மாற்றம் நாளும் மணியுமாகப் பதிந்திருக்கிறது. ஆகவே "டைம் ஸோன்" என்று கேட்கும் இடத்தில் கோலாலம்பூரைத் தேர்ந்தெடுத்தாலே போதும், மற்றதை அது பார்த்துக்கொள்ளும். தமிழ் வேண்டும் என்று இந்திய நேரத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டு, பிறகு மணி தப்பாக இருக்கிறதே என்று முள்ளைக் கையால் திருப்பும் வீடுகளும் உண்டு. வெளியே சரியாகத் தெரியும். உள்ளே இரண்டரை மணி தப்பு. மொழி வேறு, நேர வலயம் வேறு.

இனி மருந்துக்கு வருவோம். முதலில் கைவைத்தியம். "செட்டிங்ஸ்" பகுதியில் "டேட் அண்ட் டைம்" என்ற இடத்துக்குப் போய், "ஆட்டோமேட்டிக்" என்ற சுவிட்ச் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். யாராவது கையால் மணி வைத்திருந்தால் அது மூடிக் கிடக்கும். திறந்துவிட்டு, ஹாட்ஸ்பாட்டைப் போட்டு, கடிகாரம் சரியாகும்வரை சும்மா இருங்கள். பிறகு புதுப்பிப்பைத் தட்டுங்கள், போய்விடும். இது அன்றைக்கு மட்டும்தான்.

நிரந்தர மருந்து அந்தப் பேட்டரி. சில வெள்ளிதான்; கைக்கடிகாரக் கடையிலும் மின்சாதனக் கடையிலும் கிடைக்கும். மாற்றுவதற்கு முன் பயாஸ் திரையின் ஒவ்வொரு பக்கத்தையும் கைத்தொலைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பேட்டரியைக் கழற்றினால் அங்கே செய்த அமைப்புகள் அழிந்து பழையபடி ஆகலாம். வன்தட்டு சம்பந்தமான அமைப்பு மாறிவிட்டால் பெட்டி திறக்காமல் நின்று உங்களை மேலும் பயமுறுத்தும். படம் இருந்தால் பார்த்து மாற்றிவிடலாம்.

பெட்டியை நிறுத்தி, செருகியைப் பிடுங்கி, பிறகும் ஒருமுறை பவர் பொத்தானைச் சில விநாடி அழுத்திப் பிடியுங்கள். மிச்சமிருக்கும் மின்சாரம் வடிந்துவிடும். பக்கத் தகட்டைக் கழற்றுங்கள். பெட்டியின் வெறும் இரும்பை ஒருமுறை தொட்டுவிட்டு உள்ளே கை வையுங்கள். பேட்டரி வட்டக் கூட்டில் படுத்திருக்கும். ஓரத்தில் ஒரு சின்னக் கொக்கி. கொக்கியை நகத்தால் மெல்லத் தள்ளினால் பேட்டரி எழும்பும். புதியதைக் கூட்டல் குறி மேலே தெரியும்படி வைத்து அமுக்குங்கள். இரும்புத் திருப்புளியை வைத்து நெம்பாதீர்கள். கூடு உடைந்தால்தான் நிஜமாகவே மதர்போர்டுக்குச் செலவு வரும். மறுபடி திறக்கும்போது ஆங்கிலத்தில் ஏதோ சொல்லி எஃப்1 அழுத்தச் சொல்லும். அழுத்துங்கள். பயாஸில் இன்றைய தேதியை மட்டும் வைத்துவிட்டு, மணியை லினக்ஸிடமும் இணையத்திடமும் விட்டுவிடுங்கள். மடிக்கணினியாக இருந்தால் இந்த வேலையில் வீட்டில் இறங்க வேண்டாம். பேட்டரி ஒயரோடு எங்கேயாவது அடியில் ஒளிந்திருக்கும். கடையில் கொடுத்து, "சிமாஸ் பேட்டரி மாற்றிக் கொடுங்கள்" என்று அதை மட்டும் கேளுங்கள்.

தாய்மார்கள் இந்த இடத்தைக் கவனமாகப் படிக்க வேண்டும். கழற்றிப் போட்ட பழைய பேட்டரி கம்ப்யூட்டருக்குத்தான் செத்தது. அதில் மின்சாரம் மிச்சமிருக்கும். பளபளவென்று காசு மாதிரி இருப்பதால் தவழும் குழந்தை எடுத்து விழுங்கிவிடலாம். உணவுக்குழாயில் சிக்கினால், ஈரம் பட்டு மின்சாரம் பாய்ந்து, இரண்டு மணி நேரத்துக்குள் குழாயின் சதையையே கடுமையாகப் புண்ணாக்கிவிடும். அழுகையோ இருமலோ இல்லாமல்கூட இருக்கலாம். விழுங்கியிருக்குமோ என்ற சந்தேகம் வந்தாலே போதும். வாந்தி எடுக்க வைக்காமல், சோறு ஊட்டித் தள்ளப் பார்க்காமல், நேரே அரசாங்க ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள். புதிய பேட்டரியின் உறையைக் கையில் எடுத்துக்கொண்டு போனால் டாக்டருக்கு என்ன ரகம் என்று உடனே தெரியும். பழையதை இரண்டு பக்கமும் ஒட்டுநாடா ஒட்டி, பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வைத்து, பேட்டரி வாங்கிக்கொள்ளும் மறுசுழற்சி இடத்தில் கொடுத்துவிடுங்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இந்தப் பிழைச் செய்திக்கு வைத்தியம் தேடினால், தேதி பார்க்கும் காவலையே நிறுத்திவிடும் ஒரு கட்டளை கிடைக்கும். உறவுக்காரப் பையன் அதைத்தான் போடலாம் என்று சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். போட்டால் செய்தி வராது, உண்மைதான். நாய் குரைக்கிறதென்று நாயின் வாயைக் கட்டுகிற காரியம் அது. பழைய பட்டியலைப் புதிது என்று எவன் நீட்டினாலும் பெட்டி பேசாமல் வாங்கிக்கொள்ளும். தம்பி கெட்டிக்காரப் பையன். இந்த ஒன்றை மட்டும் செய்ய வேண்டாம் என்று சொல்லுங்கள். கடிகாரம் தப்பியிருக்கும்போது தேதி பார்க்கும் வேறு காரியங்களும் கெடும். பிரவுசரில் வங்கிப் பக்கமோ பள்ளிப் பக்கமோ திறக்க மறுத்து, சான்றிதழ் சரியில்லை என்று சொல்வதற்கும் பல நேரம் இதே காரணம்.

ஒரே பெட்டியில் விண்டோஸும் லினக்ஸும் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தமிழ்நாட்டில் 2011-இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்திலும் விண்டோஸோடு பாஸ் என்ற இந்திய லினக்ஸைச் சேர்த்தே கொடுத்தார்கள். விண்டோஸ் மதர்போர்டு கடிகாரத்தில் ஊர் மணியை எழுதும். லினக்ஸ் அதையே உலகப் பொது நேரம் என்று படிக்கும். நமக்கு எட்டு மணி வித்தியாசம் மாறி மாறி வரும். பேட்டரி மாற்றியும் இது போகாது. ஊர் மணியையே வைத்துக்கொள் என்று லினக்ஸுக்கு ஒரு கட்டளையால் சொல்லிவிடலாம். லினக்ஸ் தெரிந்தவருக்கு ஒரு நிமிஷ வேலை.

எல்லாப் புதுப்பிப்புப் பிழைக்கும் கடிகாரம் காரணமல்ல. "குட் நாட் கெட் லாக்" என்று வந்தால், வேறொரு புதுப்பிப்பு பின்னால் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரு தராசில் ஒரே நேரத்தில் இரண்டு பேர் பால் நிறுக்க முடியுமா? கால் மணி காத்திருங்கள், நடுவில் சுவிட்சை மட்டும் அணைக்காதீர்கள்.

"ரிலீஸ் ஃபைல் இல்லை" என்றோ 404 என்றோ வந்தால் அது வேறு கதை. உபுண்டுவில் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வரும் நீண்டகாலப் பதிப்புகளுக்கு ஐந்து வருஷம் வழக்கமான ஆதரவு உண்டு. இடையில் வரும் பதிப்புகளுக்கு ஒன்பது மாதம்தான். அதன்பின் அவற்றின் சாமான்களைப் பழைய களஞ்சியத்துக்கு மாற்றிவிடுவார்கள். உங்கள் பெட்டி காலியான கடையின் கதவைத் தட்டிக்கொண்டிருக்கும். நீண்டகாலப் பதிப்பில் இதைவிட மோசம்: காலம் முடிந்தபின் பிழைச் செய்தியே வராது, பாதுகாப்புப் புதுப்பிப்பும் வராது, எல்லாம் நலம் என்று நினைத்துக்கொண்டிருப்போம். உபுண்டு 20.04-க்கு வழக்கமான ஆதரவு 2025 மே மாதத்தோடு முடிந்தது. லினக்ஸ் மின்ட் 20-க்கு அதே வருஷம் ஏப்ரலில். உபுண்டு 22.04-ம் மின்ட் 21-ம் 2027 வரை; உபுண்டு 24.04-ம் மின்ட் 22-ம் 2029 வரை. உங்கள் பெட்டியில் இருப்பது எது என்று "செட்டிங்ஸ்" பகுதியில் "அபௌட்" என்ற இடத்தில் எழுதியிருக்கும். மின்ட் வைத்திருப்பவர்கள் "சிஸ்டம் இன்ஃபர்மேஷன்" என்ற இடத்தில் பார்க்கலாம். அந்த எண்ணையும், வந்த செய்தியையும், அது வந்த நாளையும் மணியையும் ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு, பிறகு கடைக்குப் போங்கள்.